மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ராசம்மா

பனியங்காடு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பத்தொன்பது வருடமாகக் கிளார்க் வேலை பார்க்கும் டோரீனுக்கு ஊசி என்றால் பயமில்லை. ரத்தம் என்றால் பயமில்லை. அட்டை காலில் ஏறினால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். ஒயரைக் கண்டால்தான் பயம். கைபேசியைச் சார்ஜில் போடுவதற்குக்கூட ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏதோ வெடி கொளுத்தப் போகிறவள் மாதிரிதான் கையை நீட்டுவாள்.

அவள் மேசைக்கு மேலே, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தது: “எதைச் செருகுவதானாலும் முதலில் மெயினை அணைக்கவும். எந்தக் காரணம் கொண்டும் இது மாறாது.” மாறவும் இல்லை. கம்ப்யூட்டரின் மவுஸை மாற்ற வேண்டுமென்றால் டோரீன் உள்ளேயிருந்து, “ராசம்மாக்கா, ஒயரு!” என்று கூப்பிடுவாள். டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைத்து, மருந்துக்கு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கும் ராசம்மா, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடி, பெஞ்சின் மேல் ஏறி, மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுப்பாள். பிறகு தோட்டத்துக்கே கேட்கும்படி, “கரண்டு அணைச்சாச்சு!” என்பாள். “சரி!” என்று பதில் போன பிறகுதான் மவுஸின் ஒயர் அதன் ஓட்டைக்குள் நுழையும்.

இது ராசம்மா கண்டுபிடித்த சத்தமல்ல. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பழக்கம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று ஒட்டிக் கிடக்கும் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரே பழைய ஒயர் ஓடுகிற இடத்தில், ஒருத்தர் பிளக்கைக் கழற்றினால் அடுத்த காம்பராவில் யாருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அதனால் அணைக்கிறவர் கத்துவார், சத்தம் காம்பரா காம்பராவாகப் போய்ச் சேரும். லயத்துக்கு அது சரி. ஒரு மவுஸுக்கு டிஸ்பென்சரி முழுவதும் இருட்டாவதுதான் வேடிக்கை. டாக்டர் ஐயா என்று எல்லாரும் கூப்பிடுகிற மருத்துவ உதவியாளர் ஜீவராஜ், ஒரு தடவை காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது இப்படி இருட்டாகிவிட்டது. “எலிக்கு வால் மாத்துறதுக்கு என் கண்ண அவிச்சுப்புட்டீங்களேம்மா” என்றார். டோரீன் சிரிக்கவில்லை.

சிரிக்க மாட்டாள். அவளுடைய தம்பி லியனார்ட், 2002ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம், லயத்து வாசலில் நட்சத்திரக் கூடு கட்டினான். நாள் முழுக்க மழை. கூட்டுக்குள் பல்ப் எரியவில்லை என்று, மெயினை அணைக்காமல், தகரக் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் ஒயரை முறுக்கினான். அவன் சத்தம் போடவில்லை. பேசாமல் நின்றான், கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பண்டிகை நாள் என்பதால் பன்னிரண்டு காம்பராவிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் அவனை நோக்கித்தான் ஓடினார்கள். அப்பா அவனைப் பிடித்து இழுக்கப் போய் உள்ளங்கை வெந்தது. மெயினை அணைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, டோரீனுக்கும் தோன்றவில்லை. அவனுக்கு வயது பத்தொன்பது.

டிஸ்பென்சரியில் சேர்ந்த இரண்டாம் வருடம் இன்னொன்று நடந்தது. யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்திருந்தது. கீபோர்டின் வட்ட மூக்கு ஒயர் கழன்று விழ, டோரீன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துச் செருகினாள். கம்பி ஒன்று வளைந்தது, ஒரு சின்னப் பொறி, மெஷின் அதோடு செத்தது. பழுது பார்க்க வந்தவர், “இந்த வட்ட மூக்கக் கரண்டு இருக்கும்போது மாத்தவே கூடாது” என்றார். அவர் சொன்னது அந்த வட்ட மூக்குக்கு. டோரீன் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அதை உலகத்தில் உள்ள எல்லா ஒயருக்கும் சட்டமாக்கிக்கொண்டு போனாள். ஒரு தம்பியையும் ஒரு மெஷினையும் பார்த்தவளிடம் வாதாட யாரால் முடியும்?

ராசம்மாவுக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம் இன்னொன்றும் உண்டு. “அக்கா, எப்பவாச்சும் எனக்குக் கரண்டு புடிச்சிருச்சுன்னு வைங்க. நான் பேச மாட்டேன். கை நடுங்கும். கிட்ட வந்து என்னைய தொட்றாதீங்க. மொதல்ல மெயின அணைங்க. அப்புறம் தொடப்பக் கட்டையால தள்ளுங்க.” இதை வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். ராசம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவாள்.

இப்படி இருந்தவளை ஒரு புதன்கிழமை காலையில் அந்தச் சட்டத்தை மீறச் சொல்லிவிட்டது காலம்.

விஷயம் இதுதான். டிஸ்பென்சரியில் பிறப்புப் புத்தகம் என்று இரண்டு பெரிய புத்தகங்கள் இருந்தன. 1951இலிருந்து தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அதில் இருந்தது. தேதி, ஆணா பெண்ணா, தாய் பேர், எத்தனை றாத்தல் எடை, பிரசவம் பார்த்தவர் யார், எல்லாம். கூரை ஒழுகிய ஒரு வருடம் புத்தகங்கள் நனைந்து பூஞ்சணம் பிடித்தன. டோரீன் மூன்று வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, ஒவ்வொரு பேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வருடத்துக்கு ஒன்றாக அடுக்கி வைத்தாள். அதன் பிறகு தோட்டத்து மேனேஜர் துரை வந்து, நாற்றமடிக்கும் புத்தகங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டபோது, “எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு சேர்” என்று சொன்னதும் அவள்தான். அவற்றைக் கொளுத்திவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன வாயை இப்போது அவளே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கம்ப்யூட்டர் சாகக் கிடந்தது. திங்கட்கிழமை ஒன்பதாவது தடவை சுவிட்சை அமுக்கிய பிறகு எழுந்தது. செவ்வாய்க்கிழமை பதினான்காவது தடவை. உள்ளே ஏதோ கிர்க் கிர்க் என்று அறைந்தது. இன்னொரு பிரதி வைத்திருந்த பென் டிரைவை, வழக்கப்படி மெயினை அணைத்துச் செருகிப் போட்டுப் பார்த்தால், அது தன்னை அழித்துவிட்டுப் புதிதாக்கவா என்று கேட்டது. மலைக் குளிரும் ஈரமும் அதற்குள்ளும் போயிருந்தது.

இதில் ராசம்மாவின் மகள் ஷாமிலாவும் மாட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவள் 2009இல், மண் சரிந்து பாதை அடைபட்டிருந்த ஒரு வாரத்தில், லயத்திலேயே பிறந்தவள். பதிவு செய்யப் போக வேண்டிய அப்பன்காரன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். இப்போது பதிவு செய்ய வேண்டுமென்றால் தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தின் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள் பதிவுக் காரியாலயத்தில். வெள்ளிக்கிழமைக்குள். “மிஸ்கிட்ட இருக்கு, மிஸ் எடுத்துக் குடுத்துருவாங்க” என்று, டோரீனை மிஸ் என்றே கூப்பிடுகிற ராசம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். சனிக்கிழமைக்கு முன் வர வழியில்லை என்று சொல்லிவிட்டு, பொகவந்தலாவை வழியாக வரும் பஸ்ஸில் கையடக்கமான ஒரு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றதும் சிங்களக் கண்டக்டர், “நோனா, ஹட்டன் பாசல்!” என்று பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். டோரீன் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

புதன்கிழமை மெஷின் இருபத்தோராவது தடவை எழுந்தது.

“அக்கா, இனி அத அணைக்கவே கூடாது” என்றான் யோகேஸ்வரன் போனில். “அணைஞ்சா எந்திரிக்காது. எதையும் தொறந்து பாக்கவும் வேணாம், தொறந்தா இறுகி நின்னுரும். நேரா காப்பி எடுங்க.”

“அணைக்காம எப்பிடி சொருகுறது தம்பி?”

“கரண்டு இருக்கும்போதே சொருகுங்க.”

யோகேஸ்வரனுக்கு அவள் கதை தெரியும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“இங்க பாருங்கக்கா. அந்த வட்ட மூக்குக்கு நீங்க பயந்தது ஞாயம். ஸ்கிரீனுக்குப் போற, ரெண்டு பக்கமும் திருகாணி வச்ச ஒயரையும் அணைச்சிட்டே மாத்துங்க. பெட்டியத் தொறந்து உள்ளுக்க கை வைக்கிறதுன்னா கட்டாயம் அணைக்கணும். ஆனா இந்தத் தட்ட மூக்கு, கரண்டு இருக்கும்போதே சொருகுறதுக்குன்னே செஞ்சது. அதுக்குள்ள பவர் நாக்கு நீளம், மத்தது கட்ட. மொதல்ல பவர் போய்ச் சேந்துக்கும். பொறி பறக்காது.”

“பெட்டில கரண்டு லீக் ஆனா?”

“அதத்தான் மொதல்ல பாக்கணும். டெஸ்டர் இருக்கில்ல? பெட்டியோட இரும்புல வச்சுப் பாருங்க. எரிஞ்சா தொடாதீங்க, எனக்குப் போன் போடுங்க. எரியலன்னா கைய நல்லா தொடச்சிட்டு, ஸ்வெட்டரக் கழட்டிட்டு, அந்த இரும்ப ஒருக்கா தொட்டுட்டுச் சொருகுங்க.”

“ஸ்வெட்டர எதுக்கு?”

“கம்பளி, அக்கா. இந்த மாசிப் பனிக்குக் கழட்டும்போது பட்டுப் பட்டுன்னு அடிக்குதில்ல, அந்தப் பொறி மெஷினுக்கு ஆகாது. மூக்கு போகலன்னா அழுத்தாதீங்க. திருப்பிப் போடுங்க. அதுவும் போகலன்னா மறுபடி திருப்புங்க. அதோட கொணம் அப்பிடி. கழட்டும்போது மட்டும் ஸ்கிரீன்ல சொல்லிட்டுத்தான் கழட்டணும். அப்புறம், ரொம்ப முக்கியமானத மொதல்ல எடுங்க. எப்ப மூச்சு நிக்கும்னு சொல்ல முடியாது.”

முக்கியமானது எது? நாலாயிரத்துச் சொச்சம் பேர். போனை வைத்துவிட்டு டோரீன் திரையில் அடுக்கியிருந்த வருடங்களைப் பார்த்தாள். 1983 என்ற எண்ணின் மேல் அவள் கண் போனது. நவம்பர் பன்னிரண்டு. லியனார்ட் அதற்குள்தான் இருந்தான். அவன் பேர் எழுதியது என்று கல்லறைச் சிலுவையைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை, அதுவும் மரம், எழுத்து மங்கிவிட்டது. ஆனால் செத்தவனுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு கெடு இல்லை. முதலில் 2009 என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் தம்பியிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ராசம்மாவைக் கூப்பிட்டாள். “அக்கா, இன்னைக்கு மெயினத் தொடவே கூடாது. நான் கரண்டு இருக்கும்போதேதான் சொருகப் போறேன். மெஷின் நின்னா நம்ம ஷாமிலா பேரும் போயிரும்.”

ராசம்மா ஒரு அடி பின்னால் போனாள். “மிஸ், அது… எம்புள்ளைக்காக நீங்க…”

“ஒண்ணும் ஆகாது. யோகேஸ்வரன் சொல்லிட்டாரு. நீங்க இந்தச் சிரப்பப் பிள்ளைக்காம்பராவுல குடுத்துட்டு வாங்க.”

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் சிரப்புக்கு அப்படி ஒன்றும் அவசரமில்லை. தான் நடுங்குவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். டாக்டர் ஐயாவும் கீழ்ப்பிரிவுக்குப் போயிருந்தார்.

தனியாக ஆனதும் டெஸ்டரைப் பெட்டியின் இரும்பில் வைத்தாள். எரியவில்லை. எரியாததை நம்பாமல் சுவர்ப் பிளக்கில் வைத்துப் பார்த்தாள், டெஸ்டர் நன்றாகத்தான் எரிந்தது. மறுபடி பெட்டியில் வைத்தாள். எரியவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினாள், முழங்கையில் படபடவென்று அடித்தது. குளிரில் உடம்பு சிலிர்த்தது. கையைத் துவாயில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது, மறுபடி துடைத்தாள். மெஷினின் முன்பக்கத்து ஓட்டைகள் என்றைக்கோ செத்துப்போனவை. பின்பக்கம்தான் போக வேண்டும். மேசைக்கடியில் குந்தி, இரும்பை ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒயரின் மூக்கை வைத்தாள். போகவில்லை. திருப்பினாள். போகவில்லை. “யேசுவே” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மறுபடி திருப்பினாள். போய்விட்டது.

டிங் என்றது மெஷின். அவ்வளவுதான். பொறியில்லை, புகையில்லை, யாரும் சாகவில்லை. டோரீன் மேசைக்கடியிலேயே உட்கார்ந்து அழுதாள். இருபத்திரண்டு வருடப் பயம், ஒரு டிங்.

எழுந்து 2009ஐ எடுத்துப் புதிய டிஸ்க்கில் போட்டாள். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, முடிந்தது. ஷாமிலா வந்துவிட்டாள். பிறகு மீதி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் போட்டாள். 1951 என்று தொடங்கியது. டோரீனுக்கு இப்போது கொஞ்சம் திமிர்கூட வந்தது. சிவப்பு மை அறிவிப்பைப் பார்த்து, உன்னைக் கிழித்துப் போடப் போகிறேன் பார் என்று நினைத்தாள்.

1956இல் எல்லாம் மறைந்தது. டிஸ்க்கைக் காணோம் என்றது மெஷின். குனிந்து பார்த்தால், பழைய ஓட்டை தளர்ந்துபோய், ஒயரின் மூக்கு தன் எடைக்கே தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் மேலே தூக்கிப் பிடித்தால் டிஸ்க் வந்தது, விட்டால் போனது. காகிதத்தை மடித்து அடைகொடுத்தாள், நிற்கவில்லை. வேறு ஓட்டை இல்லை, மற்ற இரண்டிலும் கீபோர்டும் மவுஸும் இருந்தன. கீபோர்டைக் கழற்றலாமே என்று வேறு யாருக்கும் தோன்றும். டோரீனுக்கு அந்த ஒயரைத் தொடும் தைரியம் இந்த ஜென்மத்தில் கிடையாது. மறுபடி 1956இலிருந்து ஓடவிட்டு, மேசைக்கடியில் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் அந்த மூக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடியில் திரை இடவலம் மாறித் தெரிந்தது. எண்கள் ஊர்ந்தன. 1961. 1967. உள்ளே டிஸ்க் கிர்க் என்று அறையும்போதெல்லாம் அவள் உயிரும் கூடவே அறைந்தது. 1974. முழங்கால் மரத்தது. கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கினால் மூக்கு நழுவும் என்று இன்னும் இறுக்கிப் பிடிக்க, இன்னும் நடுங்கியது. 1979. 1981. கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஜெபமாலையை மனதுக்குள் சொன்னாள். இன்னும் கொஞ்சம். இன்னும் இரண்டே வருடம், தம்பி வந்துவிடுவான்.

“மிஸ்” என்று வாசலில் ராசம்மாவின் குரல் கேட்டது.

பதில் சொன்னால் கை அசையும் என்று டோரீன் பேசாமல் இருந்தாள்.

“மிஸ்! என்னங்க மிஸ்?”

ராசம்மா பார்த்தது இதைத்தான்: மேசைக்கடியில் மிஸ். இரண்டு கையும் ஒயரில். கண் மூடியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது, பேச்சில்லை, கை வெடவெடவென்று நடுங்குகிறது. வருடத்துக்கு நாலு தடவை, இத்தனை வருடமாக, அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ அது அப்படியே கண் முன்னால் இருந்தது. மெயினைத் தொடாதே என்று காலையில் சொன்னதும் அவளுக்கு நினைவிருந்தது. மகளின் பேர் போய்விடும் என்பதும் நினைவிருந்தது. பிறகு அவளே சொன்னாள், நினைவிருந்தது என்று. ஆனால் அவள் டோரீனிடம் ஓடவில்லை. வராந்தாவுக்கு ஓடினாள்.

“கரண்டு அணைச்சாச்சு!”

அந்தச் சத்தத்தை டோரீன் கேட்டாள். பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது மெதுவாக, மெதுவாகச் சுற்றி நின்றதையும் கேட்டாள். அடுத்த நிமிடம் துடைப்பக் கட்டை ஒன்று அவள் மணிக்கட்டில் விழுந்து ஒயரைத் தட்டிவிட்டது.

“நாசமாப் போச்சு!” என்று கத்திக்கொண்டு எழுந்த டோரீனின் தலை மேசையில் இடித்தது. “என்ன காரியம் செஞ்சீங்க! தொடாதீங்கன்னு சொன்னேன்ல! சொன்னேன்ல!”

ராசம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை வருடத்தில் மிஸ் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவள், “டோரீனு” என்றாள். “உசுரு இருக்கா? டோரீனு, உனக்கு உசுரு இருக்கா?”

டோரீன் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் அவள் கண்ணில் அந்த டிசம்பர் சாயங்காலம் வந்து நின்றது. பன்னிரண்டு காம்பரா ஆட்கள், அத்தனை பேரும் ஓடினார்கள், ஒருத்தராவது மெயின் பக்கம் ஓடினார்களா? இவள் ஓடியிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் பேர் போகும் என்று தெரிந்தே ஓடியிருக்கிறாள். டோரீன் துடைப்பத்தோடு சேர்த்து ராசம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“இருக்குக்கா. எனக்கு ஒண்ணும் ஆகல. கரண்டு புடிக்கல, சும்மா ஒயரப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

ராசம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் துடைப்பம் கையிலிருந்து விழுந்தது. இருண்ட திரையைப் பார்த்தாள். “அப்ப எம்புள்ள பேரு?”

“அது மொதல்லயே வந்துருச்சு.”

ராசம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெயினைப் போட்டு நாற்பது தடவை சுவிட்சை அமுக்கினார்கள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். மெஷின் எழவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் டோரீன் டிஸ்க்கைக் கைப்பையில் வைத்து, பையை மடியில் வைத்து, ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். யோகேஸ்வரன் போட்டுப் பார்த்தான். 2009 சுத்தமாக இருந்தது. ஷாமிலாவின் பக்கத்தை அங்கேயே அச்செடுத்தார்கள். 1951இலிருந்து 1982 வரை எல்லாம் திறந்தது. 1983 என்று பேர் மட்டும் இருந்தது. அமுக்கினால் திறக்கவில்லை.

“கரண்டு போன நேரம் இதத்தான் எழுதிக்கிட்டு இருந்திருக்கு” என்றான் அவன். “மெஷினுக்குள்ள இருக்கிற பழைய டிஸ்க்க கொழும்புக்கு அனுப்பிப் பாக்கலாம்கா. ஆனா வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது.”

“யாரு அணைச்சது?” என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கரண்ட் கட் என்று சொல்வதற்கு டோரீன் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். துரையிடம் அப்படித்தான் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், ஆனால் தடுமாறாமல் சொன்னாள்.

கொழும்புக்குப் போன டிஸ்க் இன்னும் திரும்பவில்லை. இரண்டு மாதமாக டோரீன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஒரு கொப்பியோடு லயம் லயமாகப் போகிறாள். 1983இலிருந்து பிறந்தவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். சிலரிடம் ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறது, சிலரிடம் ஜாதகம். சிலரிடம், “பெரிய மழ பேஞ்ச வருசம்” என்ற தகவல் மட்டும். ராசம்மாவும் கூடப் போகிறாள். யார் யாருக்கு மூத்தவர் என்பதில் அவளை ஏமாற்ற முடியாது. ஷாமிலாவுக்கு அட்டை வந்துவிட்டது.

காரியாலயத்தில் கழித்துப் போட்ட வேறொரு கம்ப்யூட்டர் டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறது. வாரக் கடைசியில் எழுதியதை எல்லாம் டிஸ்க்கிலும் ஏற்றி வைக்க வேண்டும். முதல் தடவை ஏற்றப்போன அன்றைக்கு, டோரீன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, டெஸ்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ராசம்மா வராந்தாப் பெஞ்சின் மேல் ஏறி மெயினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கைப்பிடியில் கை.

“அக்கா, எறங்குங்க. மறுபடியுமா?”

“அணைக்க மாட்டேங்க மிஸ். சும்மாதான் நிக்கிறேன். ஆனா ஒண்ணு, ஒயரத் தொடும்போது வாய மூடக் கூடாது. பேசிக்கிட்டே சொருகுங்க. சத்தம் நின்னுச்சுன்னா அணைச்சிருவேன், அப்புறம் என்னையத் திட்டக் கூடாது.”

“என்னத்தப் பேசுறது?”

“அந்தப் பேருங்களையே வாசிங்க. நானும் கேட்டுக்கிட்டு நிப்பேன்.”

டோரீன் கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் பெட்டியின் இரும்பைத் தொட்டாள். மறு கையால் ஒயரின் மூக்கை எடுத்துக்கொண்டு, வராந்தா வரை கேட்கும்படி வாசித்தாள்.

“ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து மூணு. நவம்பர் பன்னெண்டு. ஆண். லியனார்ட். எடை…”

கொளுத்திய புத்தகத்தில் அது இருந்தது. அவளே படித்தாள், அவளே ஏற்றினாள். அஞ்சு றாத்தல் ரெண்டு அவுன்ஸா, பன்னெண்டு அவுன்ஸா? அம்மா இருந்திருந்தால் கேட்கலாம். ஒயர் கையிலேயே இருந்தது. குரல் நின்றுவிட்டது.

“மிஸ்!” என்று வராந்தாவிலிருந்து அலறல் வந்தது.

“இருக்கேன்கா! இருக்கேன்! அணைச்சிராதீங்க!” என்று டோரீன் கத்தினாள். பிறகு, “எடை தெரியாது” என்று சத்தமாகச் சொல்லி ஒயரைச் செருகிவிட்டு, அடுத்த பேரை வாசித்தாள்.